கழுத்தில் பிளேட் வைக்கும் ஆபரேஷன்: வார்டில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

முதுகெலும்பு வார்டில் பிசியோவாக இருக்கிறேன். சர்ஜன் ரவுண்ட்ஸில் வந்து இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போனதும், கூட இருப்பவர்கள் மெதுவாக என் பக்கம் திரும்பி "அவர் என்னங்க சொன்னார்?" என்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்ட கேள்விகள் இவை. தேய்மானத்தால் கழுத்தில் தண்டுவடம் நசுங்கி, பிளேட் வைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன். விபத்தில் கழுத்து உடைந்தவர்கள் கதை வேறு, அதற்குள் போகவில்லை. நான் சர்ஜன் இல்லை. உங்கள் ஸ்கேனையும் உங்களையும் சேர்த்துப் பார்த்தவர் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

பிளேட் வைத்தால் நசுங்கின தண்டுவடம் சரியாகிவிடுமா?

பிளேட் தண்டுவடத்தை ஒன்றும் செய்யாது. முதலில் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம், ஏனென்றால் பாதிப் பேர் "பிளேட் ஆபரேஷன்" என்று பெயர் வைத்துக்கொண்டு அந்தத் தகடுதான் வைத்தியம் என்று நினைத்துவிடுகிறார்கள். வைத்தியம் என்பது அழுத்துகிற பொருளை எடுப்பது: பிதுங்கிய ஜவ்வு, எலும்பு முளை, எலும்பாகவே மாறிப்போன தசைநார், எதுவோ அது. எடுத்த பிறகு அங்கே ஒரு பள்ளம் இருக்கும். அதில் எலும்புத் துண்டோ, கேஜ் என்கிற சின்னக் கூடு மாதிரியான பொருளோ வைத்து, மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றாக ஒட்டி வளர விடுவார்கள். அந்த ஒட்டு இறுகும்வரை ஆடாமல் பிடித்துக்கொள்வதுதான் பிளேட்டின் வேலை. கான்கிரீட் போட்டால் சென்ட்ரிங் அடித்து வைக்கிறோமே, அந்த மாதிரி. இந்த சென்ட்ரிங்கை மட்டும் அப்புறம் பிரிப்பதில்லை, உள்ளேயே விட்டுவிடுவார்கள்.

கழுத்து வலியே இல்லையே, எப்படிக் கழுத்தில் பிரச்சினை என்கிறீர்கள்?

தண்டுவடம் நசுங்கினால் கழுத்து வலித்தே தீரவேண்டும் என்று இல்லை. இதனால்தான் பலர் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து வருகிறார்கள். கழுத்தின் நடு, கீழ்ப் பகுதியில் தண்டுவடம் போகும் குழாய் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகல் என்று கணக்கு. சிலருக்குப் பிறவியிலேயே குழாய் குறுகல்தான், அதன்மேல் வயது ஏற ஏற ஜவ்வு பிதுங்கி, எலும்பு முளைத்து, பின்பக்கத் தசைநார் தடித்து உள்ளே மடிந்தால் இடம் எங்கே இருக்கும்?

வலியைத் தேடாதீர்கள், கையையும் நடையையும் பாருங்கள். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, சோறு பிசைந்து எடுத்தால் விரலிடுக்கில் வழிகிறது, சில்லறையை எண்ண முடியவில்லை. செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடக்கும், கழன்றதே தெரியாமல் நாலு எட்டு நடந்திருப்பார். முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் சாய்வார். இதையெல்லாம் சர்க்கரை நோய், முட்டி தேய்மானம், "வயசாயிடுச்சு" என்று மூன்று பெயரில் மாற்றி மாற்றித் தள்ளிப்போட்டுவிடுகிறோம். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: 10 விநாடிக்குள் கையை முழுதாக மூடி முழுதாகத் திறக்கச் சொல்லி எண்ணுங்கள். 20 தடவை வரவேண்டும். ரொம்பக் குறைந்தால் அதுவே நோய் என்று முடிவு கட்டக் கூடாது, ஆனால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டக் காரணம் இருக்கிறது.

பிசியோ, டிராக்ஷன், மாத்திரையில் சமாளிக்க முடியாதா? நீங்களே பிசியோதானே!

என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன்: எலும்பும் ஜவ்வும் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருப்பதை எந்த உடற்பயிற்சியும் தள்ளிவிடாது. டிராக்ஷன் போட்டு இழுப்பதும், கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவதும் தண்டுவடம் நசுங்கியவருக்கு ஆபத்து.

எல்லாருக்கும் உடனே கத்தி என்றும் இல்லை. கை, கால், தொடுவுணர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு இவற்றை வைத்து 18-க்கு மதிப்பெண் போடும் ஒரு முறை உண்டு. 15 முதல் 17 லேசானது, 12 முதல் 14 நடுத்தரம், 11-ம் அதற்குக் கீழும் கடுமையானது. 2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் ஆபரேஷனையே பரிந்துரைக்கிறது. லேசாக இருந்தால் ஆபரேஷன் செய்யலாம், அல்லது கண்காணிப்போடு பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் மோசமாகத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. "எத்தனை மார்க்?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், தப்பே இல்லை. ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் கையில் இருக்கவேண்டும்.

ஒரு டாக்டர் முன்பக்கம் என்கிறார், இன்னொருவர் பின்பக்கம் என்கிறார். யாரை நம்புவது?

இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். அழுத்தம் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா, எத்தனை மட்டத்தில் (இரண்டு எலும்பும் நடுவே உள்ள ஜவ்வும் சேர்ந்தது ஒரு மட்டம்), கழுத்தின் வளைவு எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் வழியைத் தீர்மானிப்பார்கள். ஒன்று, இரண்டு மட்டம் என்றால் பெரும்பாலும் முன்பக்கம். மூன்று, நாலுக்கு மேல் போய், கழுத்தின் இயல்பான வளைவும் கெடாமல் இருந்தால் பின்பக்கம் சௌகரியம்: தண்டுவடத்துக்குப் பின்னால் கூரை மாதிரி இருக்கும் எலும்பைத் திறந்துவிட்டால் தண்டுவடம் பின்னால் நகர்ந்து தானே இடம் பிடித்துக்கொள்ளும். கழுத்து முன்பக்கமாகக் கூன் விழுந்திருந்தால் கூரையைத் திறந்தும் பயனில்லை, முன்னாலுள்ள மேட்டின் மேலேயே அது தொங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் ஏற்றவர்களில் எது மேல் என்று 163 நோயாளிகளை வைத்து வட அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தி 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து உடல் இயக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் மட்டும் முன்பக்கம் செய்தவர்களில் 48 சதவீதம், பின்பக்கம் 24. இந்த இடைவெளியில் பெரும்பங்கு விழுங்குவதில் வரும் சிரமம். அதனால் "எந்தப் பக்கம் நல்லது?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. "எனக்கு ஏன் இந்தப் பக்கம்?" என்று எம்ஆர்ஐயை விரித்து வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முன்பக்கம் என்றால் தொண்டையை வெட்டித்தானே? எப்படி உள்ளே போகிறார்கள்?

பயமாகத்தான் இருக்கும், ஆனால் தொண்டைக்குள் போவதில்லை. கழுத்தின் பக்கவாட்டில், தோல் மடிப்போடு மடிப்பாக ஒரு கீறல். சி5-சி6, அதாவது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே என்றால் குரல்வளைக்குக் கீழே உள்ள வளையக் குருத்தெலும்பு அளவில். பெரிய ரத்தக்குழாயை ஒரு பக்கமும் மூச்சுக்குழாய், உணவுக்குழாயை இன்னொரு பக்கமும் ஒதுக்கினால், பெரிய தசை எதையும் அறுக்காமல் முதுகெலும்பின் முன்முகத்துக்கே போய்விடலாம். இயற்கை நமக்காகவே விட்டுவைத்த சந்து அது. ஸ்மித், ராபின்சன் என்ற இருவர் 1950-களில் இந்த வழியில் எலும்பைச் சேர்த்தார்கள். இன்றைக்கும் அதே வழிதான், மைக்ராஸ்கோப் வந்திருக்கிறது, கருவிகள் மாறியிருக்கின்றன.

உள்ளே போய் எக்ஸ்ரேயில் மட்டத்தை உறுதி செய்வார்கள். ஜவ்வை முழுதாக எடுத்து, பின்னால் நீட்டியிருக்கும் எலும்பு முளையை டிரில்லால் தேய்த்து, தண்டுவடத்தின் உறை தெரியும்வரை சுத்தம் செய்வார்கள். நேரமும் நிதானமும் தேவைப்படும் கட்டம் இதுதான், பிளேட் கடைசிப் பத்து இருபது நிமிஷ வேலை. அதன்பின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டோ, உள்ளே எலும்புத்தூள் அடைத்த கேஜோ அந்த இடைவெளியில் இறங்கும்.

சரி, அந்தப் பிளேட்டையும் ஸ்க்ரூவையும் எப்படிப் பொருத்துகிறார்கள்?

விஷயம் தெரிந்த ஒருவர் கேட்டார், அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

டைட்டானியத் தகடு, இரண்டு மில்லிமீட்டர் சுமார் கனம். ஒரு மட்டத்துக்கு நாலு ஸ்க்ரூ: மேல் எலும்பில் இரண்டு, கீழே இரண்டு. தகட்டின் நீளத்தில்தான் சாமர்த்தியம். தேவைக்கு மேல் நீண்டால் அதன் முனை அடுத்த நல்ல ஜவ்வின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாளடைவில் அங்கேயும் தேவையில்லாத எலும்பு முளைக்கும். தகட்டின் முனைக்கும் அடுத்த ஜவ்வுக்கும் 5 மில்லிமீட்டராவது விடவேண்டும் என்பது ஆய்வில் வந்து நிலைத்துப்போன விதி. அதனால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, ஸ்க்ரூவை எலும்பின் விளிம்பை ஒட்டிச் சாய்த்து இறக்குவார்கள். தகடு எலும்பின்மேல் படியவேண்டும், முன்னால் துருத்தினால் உணவுக்குழாயில் உரசும், அதற்காக முன்பக்க எலும்பு முளையையும் செதுக்கிச் சமன் செய்வார்கள்.

ஸ்க்ரூ பொதுவாக 12 முதல் 16 மில்லிமீட்டர் நீளம். 1980-களில் ஜெர்மனியின் காஸ்பர் செய்த தகடு பிரபலம், ஆனால் அதன் ஸ்க்ரூ எலும்பின் பின்சுவர்வரை துளைத்துப் பிடிக்கவேண்டும், அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் தண்டுவடம்! கொஞ்சம் தவறினாலும் போச்சு. பிறகு சுவிட்சர்லாந்தின் மோர்ஷர் ஸ்க்ரூவின் தலையைத் தகட்டோடு பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். தலை பூட்டிக்கொண்டால் பின்சுவரைத் தொடவேண்டிய அவசியமே இல்லை, ஸ்க்ரூ பின்வாங்கி உணவுக்குழாயைக் குத்தும் பயமும் குறைந்தது. இன்றைய தகடுகள் எல்லாம் இந்தப் பூட்டு யோசனையின் வாரிசுகள். அசையவே விடாத வகை ஒன்று, எலும்பு ஒட்டும்போது கொஞ்சம் அமுங்க இடம் கொடுக்கும் வகை இன்னொன்று. அமுக்கம் இருந்தால்தான் எலும்பு நன்றாக வளரும் என்பது இரண்டாவது வகையின் நியாயம். நோயாளிக்கு இதில் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை, என் கண்ணுக்கும் தெரிந்ததில்லை.

எலும்பையே எடுத்துவிட்டு வைக்க வேண்டும் என்கிறார்களே?

அழுத்தம் ஜவ்வு மட்டத்தோடு நிற்காமல் எலும்பின் முதுகுப் பக்கமும் பரவியிருந்தால், நடு எலும்பின் உடலைக் குடைந்து எடுத்துவிட்டு, அந்த உயரத்துக்கு வலைக்குழாய் கேஜோ கால் எலும்புத் துண்டோ நிறுத்தி மேலே நீளத் தகடு போடுவார்கள். ஒரு எலும்பு என்றால் நன்றாகவே நிற்கும். எண்ணிக்கை கூடக்கூட முன்பக்கத் தகடு மட்டும் தாங்காது. 1998-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இரண்டு எலும்பு எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கும், மூன்று எடுத்தவர்களில் பாதிப் பேருக்கும் சீக்கிரமே பிடிமானம் விட்டுப்போனது. அதனால் இரண்டு மூன்று எலும்பு எடுத்தபின் "பின்னாலும் ஸ்க்ரூ போடணும்" என்று சர்ஜன் சொன்னால், பில்லை ஏற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

பின்பக்கம் செய்தால் பிளேட் உண்டா?

உண்டு, ஆனால் வேலை வேறு. ஜப்பானில் தண்டுவடத்தின் முன்னால் ஓடும் தசைநார் எலும்பாகிவிடும் நோய் அதிகம், அதை முன்னாலிருந்து எடுப்பது பெரும் ரிஸ்க். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஹிராபயாஷி என்ற சர்ஜன் 1977-ல் உருவாக்கிய கதவு திறக்கும் முறை. கூரை என்று சொன்னேனே, அந்தப் பின்பக்க எலும்பு வளைவின் ஒரு பக்கத்தை முழுதாக வெட்டி, மறுபக்கத்தைப் பாதிவரை செதுக்கி அதைக் கீலாக்கி, வளைவைக் கதவு மாதிரித் திறப்பார்கள். ஆரம்பத்தில் திறந்த கதவை நூலால் கட்டி வைத்தார்கள், சிலருக்கு மறுபடி மூடிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குட்டித் தகடு முட்டுக்கொடுக்கிறது. இங்கே எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதில்லை, அதனால் கழுத்தசைவு ஓரளவு மிஞ்சும். ஆனால் பின்கழுத்துத் தசையைப் பிரித்துத்தான் போகவேண்டும், பிடிப்பும் வலியும் மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு அது தங்கியே விடும்.

கழுத்து ஆட்டம் கண்டிருந்தால் கதவு முறை போதாது. பின்பக்க எலும்பை எடுத்துவிட்டு இரு பக்கமும் ஸ்க்ரூ போட்டுக் கம்பியால் இணைப்பார்கள். இந்த ஸ்க்ரூ முறைக்கு வழிகாட்டிய பிரான்சின் சர்ஜன் ருவா-காமில் காலத்தில் அங்கேயும் தகடுதான் இருந்தது, பிறகு கம்பி வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பிளேட்டே இல்லாமல் செய்ய முடியாதா?

ஒரே மட்டம் என்றால் முடியும். கேஜுக்குள்ளேயே ஸ்க்ரூ போகும் வகை வந்திருக்கிறது, எலும்புக்கு முன்னால் எதுவும் துருத்தாது, விழுங்கும் சிரமமும் குறைவு. செயற்கை ஜவ்வும் ஒரு வழி, ஆனால் மூட்டு நன்றாகத் தேய்ந்து எலும்பு முளைத்தவருக்கும் கழுத்து ஆட்டம் கண்டவருக்கும் அது ஒத்துவராது. பல மட்டத்துக்குத் தகட்டின் பிடி தேவை.

ரிஸ்க் என்ன? மறைக்காமல் சொல்லுங்கள்.

முன்பக்கம் செய்தால் முதல் சில நாள் விழுங்கச் சிரமம், தொண்டை கரகரப்பு, இது பலருக்கு வரும். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, கஞ்சி, ரசம் சாதம் என்று ஓட்டிவிடலாம், பெரும்பாலும் வாரங்களில் குறைந்துவிடும். குரல் நரம்பு இழுபட்டுக் குரல் மாறுவதும் பெரும்பாலும் தற்காலிகம், பாட்டு வாத்தியார், பள்ளி ஆசிரியர் என்றால் முன்கூட்டியே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் இரவுதான் நான் பயப்படுவது. உள்ளே ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாயை அழுத்தும். கழுத்து வீங்குகிறது, படுக்க முடியவில்லை, எழுந்து உட்காரத் துடிக்கிறார், எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் "காலையில் டாக்டர் வரட்டும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள், நர்ஸை உடனே கூப்பிடுங்கள், கத்தியே கூப்பிடுங்கள்.

இன்னொன்று பலரைத் திடுக்கிட வைக்கும். ஆபரேஷன் நன்றாக முடிந்து, ஓரிரு நாளில் திடீரென்று ஒரு தோளைத் தூக்க முடியாது. ஐந்தாவது கழுத்து நரம்பின் சோர்வு அது, பல ஆய்வுகளில் 5 சதவீத அளவில் சொல்கிறார்கள், பின்பக்க ஆபரேஷனில் கூடுதல். பெரும்பாலோருக்கு மாதங்களில் திரும்பும். கிருமித்தொற்று, உறை கிழிந்து நீர் கசிதல், அரிதாகத் தண்டுவடமே சேதமாவது, இவையும் உண்டு. கையெழுத்துப் போடும் தாளில் எல்லாம் அச்சடித்திருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

கை, கால் பழையபடி வருமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆபரேஷனின் முதல் குறிக்கோள் மேலும் கெடாமல் நிறுத்துவது. அதற்குமேல் கிடைப்பது, எவ்வளவு நாளாக நசுங்கியிருந்தது, எவ்வளவு கெட்டபின் வந்தார், வயது, புகை, சர்க்கரை இவற்றைப் பொறுத்தது. முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் தெரியும், ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். நடை முதலில் தெளிந்து, விரலின் நுணுக்கம் பின்தங்கி நிற்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மரத்துப்போன உணர்வு பலருக்கு முழுதாகப் போவதில்லை. பொத்தான், கோலம், அரிசியில் கல் பொறுக்குவது எல்லாமே கைக்குப் பயிற்சிதான், ரப்பர் பந்து ஒன்றையே கட்டி அழாதீர்கள்.

காலர் எத்தனை நாள்? பைக் எப்போது ஓட்டலாம்?

ஒரு மட்டம், பிளேட் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றால் சில சர்ஜன்கள் காலரே கொடுப்பதில்லை. பல மட்டம், எலும்பு பலம் குறைவு என்றால் ஆறு வாரம், அதற்கு மேலும் போகலாம். நடப்பதற்கு இதெல்லாம் காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நடக்கவிடுவோம். பைக் விஷயத்தில் நான் கறார். எக்ஸ்ரேயில் ஒட்டு தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், நம் ஊர் வேகத்தடையும் பள்ளமும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து போவதும் அதே குலுக்கல்தான். பீடி, சிகரெட் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும், இதில் பேரம் பேசவே பேசாதீர்கள்.

ஸ்க்ரூ கழன்றால், உடைந்தால்?

எலும்பு ஒட்டவில்லை என்றால் எந்த உலோகமும் ஒருநாள் சோர்ந்துபோகும். ஒட்டிய பிறகு ஸ்க்ரூ உடைந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஸ்க்ரூ முன்னால் நகர்ந்துவந்தால்தான் அவசரம், உணவுக்குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. மாதங்கள் கழித்துப் புதிதாக விழுங்கச் சிரமம், காய்ச்சல், கழுத்தில் வீக்கம் என்றால் உடனே ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

பக்கத்து ஜவ்வு கெட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, பிளேட்டை மட்டும் பழி சொல்ல முடியாது. ஒட்டிய இடம் அசையாததால் பக்கத்தில் பாரம் கூடுகிறது, தேய்மானமும் தன்பாட்டுக்கு நடக்கிறது. 1999-ல் வந்த, இன்னும் பலர் எடுத்துச்சொல்லும் ஆய்வில் வருஷத்துக்குச் சுமார் 3 சதவீதம், பத்து வருஷத்தில் நாலில் ஒருவருக்குப் பக்கத்து மட்டத்தில் புதுத் தொந்தரவு வந்தது. அதில் எல்லாருக்கும் மறு ஆபரேஷன் தேவைப்படவில்லை.

பிளேட்டை எடுக்கணுமா? ஏர்போர்ட்டில் கத்துமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா?

தொந்தரவு இல்லாவிட்டால் எடுப்பதில்லை. டைட்டானியம் காந்தத்துக்கு இழுபடாது, எம்ஆர்ஐ பொதுவாக எடுக்கலாம், தகட்டைச் சுற்றி மட்டும் படம் கொஞ்சம் கலங்கும். ஏர்போர்ட்டில் பெரும்பாலும் சத்தம் வராது, வந்தால் தழும்பைக் காட்டிச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள்: கேஸ் ஷீட்டில் இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதன் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறொரு சர்ஜன் திறக்க நேர்ந்தால், எந்த கம்பெனி, எந்த அளவு, எந்த ஸ்க்ரூடிரைவர் என்று அந்தச் சின்னத் தாள்தான் சொல்லும்.

முடிவெட்டும் கடையில் கழுத்தை நெட்டி முறிக்கலாமா?

சிரிக்காதீர்கள், ஆண்கள் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். கூடாது. ஒட்டு முழுதாக விழுந்து வருஷங்கள் ஆனாலும் கூடாது, மேலும் கீழும் இருக்கும் ஜவ்வுகள்தான் அந்த முறுக்கை வாங்கும். கட்டிங் முடிந்து அண்ணன் தாடையில் கை வைத்தபின் சொன்னால் தாமதம், பழக்கதோஷத்தில் திருப்பிவிடுவார். நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.